எந்தப் பாடத்தில் ஸ்பெஷல்?

சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகு உயர்தரத்துக்கு மாணவிகளைச் சேர்க்கும் நாட்கள் எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டபத்தில் மேசைகளைப் பிரித்துப் போட்டிருப்போம். முன்வரிசையில் விஞ்ஞானம், அடுத்து வர்த்தகம், அதற்குப் பக்கத்தில் தொழில்நுட்பம், கடைசியாக வாசலோரத்தில் கலை. எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் வேறு மேசைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். அரசறிவியல் படிப்பிக்கும் நான் அந்த வாசலோர மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன்.

கடந்த முறை ஒரு வாப்பாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஒன்பது 'ஏ'. விண்ணப்பத்தில் அரசறிவியல், பொருளியல், அளவையியல் என்று எழுதியிருந்தாள். வாப்பா அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "டீச்சர், நீங்களே சொல்லுங்க. ஒன்பது ஏ எடுத்த பிள்ளைய ஆர்ட்ஸ்ல போட்டு வீணாக்க ஏலுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் மகள் கேட்டாள்: "டீச்சர், இந்த மூண்டையும் கெம்பஸ்லயும் ஒண்டாப் படிக்க ஏலுமா? இல்லாட்டி அங்க போனதும் ரெண்ட விடணுமா?"

வாப்பாவின் கேள்விக்கு என்னிடம் பழகிய பதில் ஒன்று இருந்தது. மகளின் கேள்விக்கு இருக்கவில்லை. அன்றிரவு யோசித்ததும் அதன் பிறகு வாசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

நமது பல்கலைக்கழகங்களில் 'சிறப்பு' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. பெரும்பாலான கலைப்பீடங்களில் முதல் வருடம் மூன்று பாடங்கள் படிக்க வேண்டும். வருட முடிவில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் பல பாடங்களோடு மூன்று வருடப் பொதுப் பட்டத்தில் நிற்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பிள்ளைகளின் மனதில் பதிந்திருக்கும் வழி இதுதான். இதனால் ஒரு கணக்கு ஊறிப் போய்விட்டது: கெட்டிக்காரி என்றால் ஒரு பாடம், பல பாடம் என்றால் 'ஸ்பெஷல் கிடைக்காதவள்'. கலியாண வீட்டிலும் "மகள் எதில ஸ்பெஷல்?" என்றுதான் கேட்கிறார்கள். மூன்று பாடத்தைச் சொன்னால் கேட்டவரின் முகம் சற்றுச் சுருங்கும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால் ஒரு வேடிக்கை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தராக இருந்தவர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கத் தொடங்கிச் சட்டத்துக்கு மாறியவர். அரசியலமைப்புச் சட்டத்தில் உலகறிந்த அறிஞரான பிறகு, இலங்கையில் இருந்த காலத்தில் இந்த நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். நமது கலியாண வீட்டுக் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ!

அந்த மாணவி எழுதியிருந்த மூன்று பாடங்களும் ஒன்றாகச் சேர்ந்து உலகத்தின் மிகப் பெயர்பெற்ற சிறப்புப் பட்டங்களில் ஒன்றாக இருக்கின்றன. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் 'மெய்யியல், அரசியல், பொருளியல்' பட்டம் அது. சுருக்கமாகப் பி.பி.இ. என்பார்கள். 1920இல் தொடங்கியது. அதற்கு முன்பு அங்கே பேர்போன பட்டம் 'கிரேட்ஸ்' எனப்பட்டது. கிரேக்கம், இலத்தீன் மொழிகளோடு பண்டைய வரலாற்றையும் மெய்யியலையும் சேர்த்துப் படிப்பிக்கும் பட்டம். முதலாம் உலகப் போர் முடிந்து, தொழிற்சங்கமும் வரியும் வேலையின்மையும் நாட்டைப் போட்டு உலுக்கிய காலத்தில், ஏதென்ஸ் நகரத்தைப் பற்றி மட்டும் படித்தவர் இன்றைய நகரத்தை நடத்த முடியுமா என்ற கேள்வி வந்தது. அதே கட்டுக்கோப்பான சிந்தனைப் பயிற்சியை நிகழ்கால உலகத்தின் மீது வைத்துப் பார்ப்போம் என்று உருவாக்கியதால் புதிய பட்டத்துக்கு முதலில் 'நவீன கிரேட்ஸ்' என்றே பெயர்.

அதே 1920 ஒக்டோபரில்தான் ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்கவும் தொடங்கியது. லேடி மார்கரெட் ஹோல் என்ற பெண்கள் கல்லூரி 1879இலேயே அங்கே மாணவிகளைச் சேர்த்துவிட்டது. நாற்பது வருடமாகப் பெண்கள் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், சித்தியடைந்தார்கள். பட்டம் மட்டும் கொடுக்கவில்லை. பின்னாளில் அதே லேடி மார்கரெட் ஹோலில் பெனாசிர் பூட்டோ 1970களில் பி.பி.இ. படித்தார். 2017 முதல் 2020 வரை மலாலா யூசுப்சாய் அதே கல்லூரியில் அதே பட்டத்தைப் படித்தார். நமது மாணவிகளின் பேச்சுப் போட்டிகளில் மலாலாவின் பெயர் வராத வருடம் இல்லை. அவர் சுடப்பட்டதும் நோபல் பரிசு பெற்றதும் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் பிறகு போய் என்ன படித்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வாப்பாமார் 'வீண்' என்று சொல்லும் பாடங்களைத்தான் படித்தார்.

இன்னொருவரைச் சொல்ல எனக்கு ஆசை. ஃபிலிப்பா ஃபுட் என்ற பெண் போர்க்காலத்தில் சமர்வில் கல்லூரியில் பி.பி.இ. படித்து 1942இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். பிறகு ஒழுக்கவியலில் பெரிய பெயர் எடுத்தார். தடுப்புப் பிடிக்காத டிராம் வண்டி ஒன்று ஐந்து பேரை நோக்கி ஓடுகிறது, சாரதி அதை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பினால் ஒருவர் மட்டும் இறப்பார், திருப்பலாமா? 1967இல் அவர் எழுப்பிய இந்தக் கேள்வியை இன்று தானாக ஓடும் கார்களை வடிவமைப்பவர்களும் வைத்து விவாதிக்கிறார்கள்.

பட்டம் நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மூன்று பாடம்' என்றதும் நமக்குத் தோன்றும் படம் வேறு. மூன்று வருடப் படிப்பு. முதல் வருடத்தில் மூன்று பாடங்களும் கட்டாயம். மெய்யியலுக்குள் அடிப்படை அளவையியலும் அடங்கும். நமது உயர்தர அளவையியல் மாணவிகள் முட்டி மோதும் அதே குறியீடுகள்தாம். இரண்டாம் வருடத்திலிருந்து மூன்றையும் தொடரலாம், அல்லது ஒன்றை விட்டு இரண்டில் ஆழமாகப் போகலாம். கடைசியில் எட்டு வினாத்தாள்கள். விரிவுரை உண்டு என்றாலும் படிப்பின் முதுகெலும்பு டியூட்டோரியல். ஆசிரியர் ஒரு கேள்வியும் வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் கொடுப்பார். மாணவி அந்த வாரம் வாசித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போய், இரண்டு மூன்று பேராக அவர் முன்னால் உட்கார வேண்டும். "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று அவர் கேட்பார். பதில் சொன்னால் திரும்பவும் "ஏன்?" என்பார். குறிப்பை மனப்பாடம் செய்து தப்பிக்க வழியில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பி.பி.இ.யில் 'மூன்றும் சேர்ந்த பாடம்' என்று ஒன்று இல்லை. மூன்று துறைகளும் தத்தம் பாடத்தைத் தத்தம் கடுமையோடு படிப்பிக்கின்றன. சேர்க்கும் வேலை மாணவியின் தலைக்குள்தான் நடக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. மூன்று வீட்டுக்கும் போய் வருகிறவளுக்குத்தான் எந்த வீட்டில் எது இல்லை என்பது தெரியும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். துறைகளைச் சேர்த்துப் பார்க்கும் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு நான் ஒக்ஸ்போர்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. 2020ஐ நினைத்தால் போதும்.

அந்த வருடம் ஏப்ரலில், கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அதை இந்தப் பக்கத்தில் விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. இதை வாசிக்கும் வீடுகள் சிலவற்றில் அந்த நாட்களில் ஒரு ஜனாஸா இருந்திருக்கக் கூடும். டிசம்பரில் பொரளைக் கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். நாங்கள் அழுதோம், துஆ கேட்டோம், முகநூலில் எழுதினோம். இவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரசறிவியல் படிப்பிக்கும் ஒருத்தியாக இன்றைக்கும் என்னை உறுத்துவது வேறு. அந்தக் கேள்வி எந்தப் பாடத்துக்குள்ளும் அடங்கவில்லை. ஒரு பாடத்தை மட்டும் தெரிந்த நாங்கள் ஒவ்வொருவரும் பாதி வழியில் நின்றுவிட்டோம்.

எனது பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அதில் கட்டுப்பாடு இல்லை. ஆனால் மதத்தை வழிபாட்டிலும் அனுஷ்டானத்திலும் வெளிப்படுத்தும் உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதை 15(7)இன் கீழ்ப் பொதுச் சுகாதாரத்துக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். வகுப்பில் நான் வருடா வருடம் எழுதிக் கொடுக்கும் குறிப்பு இது. வர்த்தமானியோ 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆக, சட்டம் கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: பொதுச் சுகாதாரத்துக்கு இது உண்மையில் அவசியமா? அதற்கு மேல் என் பாடத்துக்கு வழி தெரியாது. விடை அரசறிவியலில் இல்லை.

விடை இருந்த இடம் அடுத்த கட்டடம். அடக்கினால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று சொன்னார்கள். வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும், இறந்த உடலில் அது என்னவாகும் என்பது உயிரியல். மண் எதை வடிகட்டும், நீர்மட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது புவியியலும் நீரியலும். அடக்கம், தகனம் இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. ஆனால் இவற்றை வாசித்துப் புரிந்துகொண்டு, 15(7) கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பேசத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருந்தார்கள்? விஞ்ஞானம் தெரிந்தவருக்கு உறுப்புரை தெரியாது. உறுப்புரை தெரிந்தவருக்குக் கலம் தெரியாது.

பொருளியலுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு விதியைப் போட்டால் மனிதர் அதற்கேற்பத் தம் நடத்தையை மாற்றிக்கொள்வர் என்பது பொருளியலின் முதல் பாடங்களில் ஒன்று. எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் காய்ச்சல்காரரை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களை நாம் அறிவோம். பரிசோதனைக்குப் போகாமல் ஒளிந்தவர்களையும் அறிவோம். நோயைக் கட்டுப்படுத்தவென்று போட்ட விதி, நோயாளிகளை வைத்தியசாலையிலிருந்து தூரத் தள்ளியது. இந்த வாதத்தைச் சரியாக வைத்தால் மதம் எதுவாக இருந்தாலும் கேட்கிறவருக்குப் புரியும். எங்களுடைய துக்கம் புரியாதவருக்கும் இது புரிந்திருக்கும்.

மெய்யியலுக்கும் இடம் உண்டு. ஆபத்து நிச்சயமில்லாதபோது, அதைத் தவிர்ப்பதற்கான சுமையை யார் சுமக்க வேண்டும்? எல்லோருக்கும் ஒரே விதிதானே என்றார்கள். ஒரே விதி எல்லோர் மீதும் ஒரே பாரமாக விழுமா? இது ஃபிலிப்பா ஃபுட்டின் டிராம் வண்டிக்குச் சொந்தக்காரக் கேள்வி.

2020 டிசம்பர் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு ஏற்காமல் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. பல துறை தெரிந்த பத்துப் பெண்கள் அன்று இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு ஆதாரம் தெரியாமல் இல்லை. ஆனாலும் நமது பக்கத்து வாதம் இன்னும் சீக்கிரம், இன்னும் தெளிவாக, மூன்று மொழியிலும் வெளியே போயிருக்கும். அந்த வேலையைச் செய்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் களைத்துப் போனார்கள்.

இங்கே என்னுடைய ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் நான் வேறொரு பாடசாலையில் இருந்தேன். பாடசாலைகள் திறந்து மூடி, மூடித் திறந்துகொண்டிருந்த நாட்கள். ஒன்லைனில் 15(7)ஐப் படிப்பித்தேன். ஒரு பிள்ளை, "டீச்சர், தண்ணிக்குள்ள வைரஸ் போறது உண்மையா?" என்று கேட்டாள். "அது பயோ டீச்சர்கிட்டக் கேளுங்க, எங்கட சிலபஸ்ல இல்ல" என்றேன். ஆசிரியர் அறையில் அந்த உயிரியல் ஆசிரியை எனக்கு அடுத்த கதிரையில் இருப்பவர். ஆறு வருடமாக ஒன்றாகத் தேநீர் குடித்தோம். ஒரு தடவையாவது அவரை என் வகுப்புக்குக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பல பாடம் சேர்ந்த பட்டங்கள் மீது சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, அது நுனிப்புல் மேய்தல் என்பது. பிரித்தானியாவின் பிரதமர்களில் ஐந்து பேர் பி.பி.இ. படித்தவர்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், 2022இல் லிஸ் ட்ரஸ் பிரதமராகி, அவரது அரசாங்கத்தின் சிறு வரவு செலவுத் திட்டத்தால் பவுணின் பெறுமதி சரிந்து, ஐம்பது நாள் ஆவதற்குள் அவர் பதவியை விட்டுப் போனபோது சற்று அமைதியானார்கள். அவரும் பொருளியலைச் சேர்த்துப் படித்தவர்தான். எதையும் ஒரு வாரத்துக்குள் படித்து நம்பிக்கையோடு பேசும் பழக்கம், தெரியாததையும் தெரிந்ததுபோலப் பேச வைத்துவிடும் என்பது உண்மையான ஆபத்து. மேடைப் பேச்சில் கைதட்டல் வாங்கும் நமது பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. அதனால்தான் சேர்த்துப் படிப்பது ஒன்றைப் படிப்பதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு பாடத்திலும் அந்தப் பாடக்காரர் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். அரைகுறையான மூன்றைச் சேர்த்தால் ஒரு முழுமை வந்துவிடாது.

இன்னொரு மறுப்பு அந்த வாப்பாவின் மறுப்பு. அவருடைய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கலைப் பட்டம் முடித்துவிட்டு வருடக் கணக்கில் அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் பட்டதாரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நமது ஊர்களில் இன்னொரு நெருக்கடியும் உண்டு: பிள்ளை எந்தப் பாடம் படிப்பாள் என்பதைப் பல சமயம் வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலுள்ள தூரமே முடிவு செய்கிறது. இந்த நிலையில் "மூன்றையும் சேர்த்துப் படி, உலகத்தைப் புரிந்துகொள்" என்று மட்டும் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

ஆகவே நடைமுறையைச் சொல்கிறேன். இலங்கை நிர்வாக சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பட்டதாரியும் தோற்றலாம். எதில் ஸ்பெஷல் என்று அங்கே கேட்க மாட்டார்கள், ஒரு சிக்கலை விளங்கி எழுதத் தெரியுமா என்று பார்ப்பார்கள். சட்டத்துறை, திட்டமிடல், ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகைத் துறை எல்லாம் இப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன. ஆனால் இரண்டு விடயம் இல்லாமல் இந்தக் கதவுகள் திறக்காது. முதலாவது எண். சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைகள் கலைப்பிரிவுக்கு வந்ததும் கணிதப் புத்தகத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் எடுத்தால் அங்கே கணிதமும் புள்ளிவிபரவியலும் காத்துக்கொண்டிருக்கும். பலர் அங்கேதான் பொருளியலை விட்டு ஓடுகிறார்கள். இரண்டாவது ஆங்கிலம். தமிழில் சிந்திப்போம், தமிழில் எழுதுவோம், இந்தச் சஞ்சிகையே அதற்காகத்தான் வருகிறது. ஆனால் மேலே சொன்ன மருத்துவ அறிக்கைகளை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்ல ஒருத்தி வேண்டும்.

விஞ்ஞானப் பிரிவுக்குப் போகும் மாணவிகளும் இதை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்களுக்கு அரசறிவியல் எடுக்க வழியே இல்லை. முறைமை அப்படி. வேறு நாடுகளில் அந்தச் சுவரையும் உடைத்துப் பார்க்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ் 2012இல் கலையையும் விஞ்ஞானத்தையும் ஒரே பட்டத்துக்குள் கொண்டுவந்தது. நாளைக்கு ஒரு டொக்டராக நீங்கள் எழுதும் ஒரு வரி அறிக்கை வர்த்தமானி ஆகலாம் என்பதை 2020 காட்டியது. அந்த வரி யார் மீது எப்படி விழும் என்று யோசிக்கத் தெரிந்த டொக்டர் நமக்கு வேண்டும்.

நமது மேடைகளில் இப்னு ஸீனாவையும் அல்பிரூனியையும் பற்றிப் பேசாத விழா இல்லை. மருத்துவமும் மெய்யியலும், கணிதமும் இந்தியாவைப் பற்றிய ஆய்வும் அவர்களுக்குள் ஒன்றாக இருந்தன என்று பெருமைப்படுகிறோம். விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் மகளிடம் "ஒண்ட மட்டும் பிடிச்சுக்கொள்" என்கிறோம்.

அந்த மாணவியின் கேள்விக்கு நான் தேடிக் கண்டுபிடித்த பதில், ஒரு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது சொன்னது, இதுதான்: "மகள், பெரும்பாலான இடத்தில ரெண்ட விடச் சொல்லுவாங்க. ஸ்பெஷலுக்கு ஒண்ட எடுங்க. ஆனா மற்ற ரெண்டுலயும் எடுக்க ஏலுமான பாடநெறிகள் இருக்கும், அவற்றத் தேடி எடுங்க. கடைசி வருஷ ஆய்வுக் கட்டுரைக்கு மூண்டும் சந்திக்கிற ஒரு கேள்வியத் தெரிவு செய்ங்க. அது வரைக்கும் அளவையியல விடாதீங்க." ஒக்ஸ்போர்ட் கொடுப்பதை நமது பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை என்றால் பிள்ளை தானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை. நமது பல்கலைக்கழகங்கள் இதைச் சிறப்புப் பட்டமாகவே தர வேண்டும். அதற்கான விரிவுரையாளர்கள் ஒரே பீடத்தில், பல சமயம் ஒரே மாடியில் இருக்கிறார்கள்.

வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை மாற்றவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: சனிக்கிழமைகளில் அவள் தன் சாச்சாவிடம் கணிதம் படிக்க வேண்டும். "எண்ண விடக்கூடாது எண்டு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்" என்றார். நான் அதை அவரிடம் அன்று சொல்லவில்லை. அவரே கேட்டறிந்து வந்திருக்கிறார் போலும்.

இந்தத் தவணையில் நமது கல்லூரியின் உயிரியல் ஆசிரியையிடம் நானே போய்க் கேட்டேன். 12ஆம் தர மாணவிகளுக்கு இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை கொடுக்கிறோம். தலைப்பு: 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த முடிவும், ஆறு மாதத்துக்குள் அது தளர்த்தப்பட்டதும். பயிருக்கு நைதரசன் எங்கிருந்து வருகிறது, விவசாயியின் கடன் என்னவானது, முடிவை எடுத்தது யார், யாரிடம் கேட்காமல் எடுத்தார்கள் என்ற நான்கும் ஒரே கட்டுரைக்குள் வர வேண்டும். பொருளியல் ஆசிரியையும் சேர்ந்துகொண்டார். இதுவரை கலைப்பிரிவிலிருந்து பதினொரு பேரும் உயிரியல் பிரிவிலிருந்து நான்கு பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். புள்ளி கிடையாது என்று சொன்ன பிறகும் பெயரை வெட்டச் சொல்லி யாரும் இன்னும் வரவில்லை.